அஃபினிட்டி இப்போது இலவசம், சரி… நம் பழைய கோப்புகளுக்கு என்ன ஆகும்?

வணக்கம் மக்களே. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். மைக்கில் அந்தச் சத்தம் விழுகிறது என்று போன வீடியோவுக்கு நிறையப் பேர் குறை சொன்னீர்கள். அதனால் வியர்வை வழிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் பற்றித்தான் இன்றைக்கு. "இலவசமாகவே தருகிறார்களே அண்ணா, இதில் என்ன வில்லங்கம் இருக்கிறது, இறக்கலாமா வேண்டாமா?" என்று தினமும் யாராவது ஒருவர் கேட்கிறார். இறக்கிக்கொள்ளுங்கள். என் கணினியிலும் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. இதை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் உட்காரவில்லை. ஆனால் வாடிக்கையாளர் வேலை மொத்தத்தையும் தூக்கி அதில் வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு முதலில் முன்கதை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊரில் செரிஃப் என்று ஒரு நிறுவனம், 1987-இல் தொடங்கியது. விண்டோஸுக்கு மலிவு விலையில் பேஜ்பிளஸ், டிராபிளஸ், ஃபோட்டோபிளஸ் என்றெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அடியிலிருந்து புதிதாக எழுதியதுதான் அஃபினிட்டி. 2014 அக்டோபரில் டிசைனர் வந்தது, அதுவும் முதலில் மேக்குக்கு மட்டும். விண்டோஸ்காரர்களை வைத்தே பல வருடம் பிழைத்த நிறுவனம் அவர்களை இரண்டு வருடம் காக்க வைத்தது, 2016-இல்தான் அங்கே வந்தது. 2015-இல் ஃபோட்டோ, 2019-இல் பப்ளிஷர். படம் வரைய ஒன்று, புகைப்படத்துக்கு ஒன்று, புத்தகம் பக்கம் கட்ட ஒன்று.

இது ஏன் இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போனது என்றால், காலத்தைப் பாருங்கள். 2013-இல் ஃபோட்டோஷாப் செய்கிற அடோபி இனிமேல் மொத்தமாக விற்கமாட்டோம், மாதச் சந்தாதான் என்று அறிவித்தது. நம்மைப் போலத் தனியாக வேலை பார்ப்பவனுக்கு ஒரு மாதம் வேலை வரும், ஒரு மாதம் வராது. சந்தா மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, ஐம்பது டாலர் அளவுக்கு ஒரே ஒரு தடவை கொடு, அப்புறம் உன்னுடையது என்றார். 2015-இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருதும் டிசைனருக்குக் கிடைத்தது. மலிவாகவும் இருந்து தரமாகவும் இருந்தால் ஜனங்கள் கொண்டாடமாட்டார்களா?

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ரசிகர் மன்றம் நடத்துகிறேன் என்பீர்கள். முதல் இரண்டு பதிப்புகளிலும் தமிழ் ஒழுங்காக வராது. 'கெ' என்று அடித்தால் கொம்பு முன்னால் போகாது, ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்தி, மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பல வருடமாக இந்திய மொழிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை போடுகிறவர் எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அடித்து, வளைகோடுகளாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப் படக் கோப்பாக இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. தேதியில் ஒரு எழுத்துப் பிழை என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு தமிழ் ஆட்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்றால் அந்த 'ஒரே தடவை காசு' என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி. 2024 மார்ச் 26. ஆஸ்திரேலியாவின் கான்வா, அஃபினிட்டியை வாங்கிவிட்டதாக அறிவித்தது. அப்போது அஃபினிட்டியில் வேலை செய்தவர்கள் 90 பேர், பயனர்கள் 30 லட்சத்துக்கு மேல். கான்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்கள் பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழே அதில்தான் செய்திருப்பார்கள். அதன் வருமானத்தில் பெரும்பகுதி சந்தா.

சந்தா பிடிக்காமல் ஓடிவந்த கூட்டத்தைச் சந்தாக் கம்பெனி வாங்கினால் என்ன நடக்கும்? கொந்தளிப்புதான். அடுத்த நாளே இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உறுதிமொழி வெளியிட்டன. விலை நியாயமாக இருக்கும், ஒரே தடவை வாங்கும் நிரந்தர உரிமம் எப்போதும் இருக்கும், சந்தா என்று ஒன்று வந்தாலும் அதன் பக்கத்தில் இதுவும் இருக்கும், பள்ளிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இலவசம். அவசரமாக எழுதியது போல இல்லாமல் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நிறையப் பேர் சமாதானம் ஆனார்கள்.

அப்புறம் 2025 அக்டோபர். திடீரென்று கடையை மூடினார்கள், மென்பொருள் வாங்கவே முடியவில்லை. "ஏதோ வரப்போகிறது, காத்திருங்கள்" என்ற தோரணையில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அந்தச் சில வாரங்கள் என்னென்ன வதந்தி! அக்டோபர் 30-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. மூன்று மென்பொருளும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது, பெயர் வெறும் அஃபினிட்டி, விலை ஒன்றுமில்லை. கான்வா கணக்கு ஒன்று வேண்டும். செயற்கை நுண்ணறிவு வேலைகள் வேண்டுமென்றால் மட்டும் கான்வாவுக்குச் சந்தா கட்ட வேண்டும். முதல் தடவை இணையத்தில் நுழைந்து இயக்கிவிட்டால் அப்புறம் இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம். உங்கள் கோப்புகளை எடுத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கமாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது கேள்வி, வாக்கைக் காப்பாற்றினார்களா?

இதில் இரண்டு தரப்பும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டு பேர் பேச்சிலும் பாதிதான் சம்மதம். இலவசமாகவே கொடுத்துவிட்டோம், இதைவிட நியாயமான விலை உண்டா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த உறுதிமொழியில் இருந்த 'நிரந்தர உரிமம் வாங்கலாம்' என்பது இன்று இல்லை. இரண்டாம் பதிப்பு விற்பனையில் இல்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு இனிமேல் மேம்பாடு கிடையாது. காசு கொடுத்து வாங்கினால் கையில் பில் இருக்கிறது, அந்தப் பதிப்பு இந்த விலைக்கு என்னுடையது என்று அதில் எழுதியிருக்கிறது. இலவசக் கணக்கில் இருப்பது பயன்பாட்டு விதிமுறைகள் மட்டும். அந்த விதிமுறைகளை மாற்றுகிற பேனா அவர்கள் கையில்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. அஃபினிட்டி என்ற பெயரில் இப்போது வருமானமே இல்லை. முன்பு மூன்று மென்பொருள் விற்றால்தான் அந்த 90 பேருக்குச் சம்பளம். அதனால் பப்ளிஷரில் அடிக்குறிப்பு வசதி இல்லை என்று பயனர்கள் கத்தினால் அது காசு விஷயம், இரண்டாம் பதிப்பில் கொண்டுவந்தார்கள். இப்போது அது கான்வா சந்தாவுக்கு ஆள் பிடிக்கிற வாசல். ஆள் வருகிற வரை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருடம் கழித்து யாரோ ஒரு புது மேலாளர் கணக்கைத் திறந்து, இந்த வாசல் வழியாக எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று கேட்பார் பாருங்கள், அன்றைக்குத்தான் தெரியும்.

இது நானாகக் கற்பனை செய்வது இல்லை. வுண்டர்லிஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? பெர்லினில் எழுதிய, செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் செயலி. அவ்வளவு அழகாக இருக்கும், ஒரு வேலையை முடித்துக் குறியிட்டால் 'டிங்' என்று மணி அடிக்கும், அந்த மணிக்காகவே வேலையை முடிப்பவர்கள் உண்டு. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2017-இல் மைக்ரோசாஃப்ட் டு-டூ என்று சொந்தமாக ஒன்றை வெளியிட்டு, வுண்டர்லிஸ்ட்டை ஒருநாள் மூடுவோம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வுண்டர்லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது அமேசானின் சர்வர்களில், அதைப் பிரித்து மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சர்வர் சேவையான அஸூருக்குக் கொண்டுபோவது பெரும்பாடு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதில் பயனர் செய்த தப்பு என்ன சொல்லுங்கள்? 2019-இல் நிறுவனரான கிறிஸ்டியன் ரீபர், தயவுசெய்து திருப்பி விற்றுவிடுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ட்விட்டரில் வெளிப்படையாகக் கேட்டார். எழுதியவரே காசை நீட்டிக் கேட்டும் கிடைக்கவில்லை. 2020 மே 6-ஆம் தேதி மூடினார்கள்.

மைக்ரோசாஃப்ட் கெட்டது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல் 750 கோடி டாலருக்கு, நிரலாளர்கள் தங்கள் நிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தை வாங்கியது. அன்றைக்கு நிரலாளர்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! மூட்டை முடிச்சோடு பலர் கிட்லாப் என்ற போட்டித் தளத்துக்குக் கிளம்பினார்கள். கிட்ஹப் சாகவில்லை, வளர்ந்தது. ஏன் இங்கே ஒரு விதி, அங்கே ஒரு விதி? கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும் கிட் என்பதே திறந்த மென்பொருள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நிரலாளர் கணினியிலும் அவருடைய நிரலின் முழு வரலாறும் ஒரு பிரதி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஒரு கட்டளையில் வேறு இடத்துக்குத் தள்ளிவிடலாம். நினைத்த மாத்திரத்தில் கிளம்பக்கூடிய பயனரை எந்தக் கம்பெனியும் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடத்தும்.

ஆரக்கிள் கதையும் அப்படித்தான். 2010-இல் சன் நிறுவனத்தை வாங்கியதில் ஓபன்ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும் அதன் கைக்கு வந்தது. அந்த வருடம் செப்டம்பரிலேயே அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் பிரிந்துபோய் லிப்ரேஆஃபிஸ் என்று ஆரம்பித்தார்கள். மூலநிரல் திறந்திருந்தது, கோப்பு வடிவம் பொதுத் தரம். பயனருக்கு மென்பொருளின் பெயர்தான் மாறியது, நேற்று எழுதிய கடிதம் இன்றும் திறந்தது.

இதற்கு நேர் எதிரானது ஃப்ரீஹேண்ட் என்ற படம் வரையும் மென்பொருள். நம் தொழிலில் கொஞ்சம் வயதானவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். இது ஒரு விசித்திரமான கதை, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எழுதியது டெக்ஸஸில் ஆல்ட்சிஸ், விற்றது ஆல்டஸ், அதாவது புத்தகப் பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் செய்த அதே ஆல்டஸ். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு உண்மையான போட்டி. 1994-இல் அடோபி, ஆல்டஸை வாங்கியது. அப்போது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குறுக்கே வந்து, ஃப்ரீஹேண்ட் உன் கைக்குப் போகக் கூடாது, ஆல்ட்சிஸுக்கே திருப்பிக் கொடு, பத்து வருடத்துக்கு இதைக் கேட்காமல் வாங்கவும் கூடாது என்று நிபந்தனை போட்டது. மேக்ரோமீடியா அதை எடுத்துக்கொண்டது. பத்து வருடம் முடிந்தது. 2005-இல் அடோபி, மேக்ரோமீடியாவையே மொத்தமாக வாங்கிவிட்டது! 2007-இல் ஃப்ரீஹேண்டுக்கு இனிமேல் புதுப் பதிப்பு கிடையாது, இல்லஸ்ட்ரேட்டருக்கு வாருங்கள் என்றார்கள். கோபம் அடங்காத பயனர்கள் சங்கம் கட்டி 2011-இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்கே போனார்கள். அடுத்த வருடம் சமரசம் ஆனது. ஃப்ரீஹேண்ட் மட்டும் திரும்பவில்லை.

மென்பொருள் போனதுகூடப் பரவாயில்லை. பதினைந்து இருபது வருடம் வரைந்த லோகோக்கள், வரைபடங்கள் எல்லாம் ஃப்ரீஹேண்டின் சொந்த வடிவத்தில் கிடந்தன. ஆரம்பத்தில் இல்லஸ்ட்ரேட்டர் அவற்றைத் திறந்தது, பின்னாலே வந்த பதிப்புகளில் அந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறக்க லிப்ரேஆஃபிஸ் ஆட்கள் எழுதிய ஒரு நிரல் தொகுப்பை நம்ப வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பேஜ்மேக்கர் 7-ஐ ஏன் இவ்வளவு காலம் பழைய கணினியில் உயிரோடு வைத்திருந்தார்கள் அச்சகக்காரர்கள்? 2001-இல் வந்த பதிப்பு. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய நூற்றுக்கணக்கான புத்தகங்கள் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கணினி கெட்டால் அந்தப் புத்தகத்தின் மறுபதிப்பு கெட்டது.

அதனால்தான் வாங்கியவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. நான் கேட்பது, நாளைக்கே இது நின்றால் என் கோப்பை வேறு எதில் திறப்பேன்?

இதோ திரையைப் பாருங்கள். புத்தக அட்டை ஒன்று, அஃபினிட்டி இரண்டாம் பதிப்பில் செய்தது. புது அஃபினிட்டியில் திறக்கிறேன், அழகாகத் திறக்கிறது. ஒரு நிறத்தை மாற்றிச் சேமிக்கிறேன். இப்போது பெயரின் பின்னொட்டைக் கவனியுங்கள், புதிய வடிவமாகிவிட்டது. இந்தக் கோப்பை எடுத்துப் போய்ப் பழைய இரண்டாம் பதிப்பில் திறந்தால் திறக்காது. இது ஒருவழிப் பாதை. புது மென்பொருள் எப்போதுமே இப்படித்தான், இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற பதிப்பு ஒரு பாதுகாப்பு என்று நினைத்தால், அந்தப் பாதுகாப்பு இந்தச் 'சேமி' பொத்தானை அழுத்துகிற நிமிடம் வரைதான். பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு வேறு பெயரில் சேமியுங்கள்.

இப்போது இதையே பிடிஎஃப்பாக வெளியே எடுக்கிறேன். எடுத்ததை இங்க்ஸ்கேப்பில் திறக்கலாம். கோடுகள் எல்லாம் கோடாகவே இருக்கின்றன, நிறம் சரி. பின்னட்டையில் இருக்கும் அறிமுகப் பத்தியைப் பாருங்கள், வரிவரியாகத் துண்டுபட்டு வந்திருக்கிறது. ஒரு வார்த்தையைச் சேர்த்தால் பத்தி தானாக ஒழுங்காகாது, அடுத்த வரியை நீங்கள் கையால் தள்ள வேண்டும். படத்துக்குக் கொடுத்த மங்கல், நிழல் எல்லாம் படமாக உறைந்துவிட்டன, இனிமேல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அச்சுக்குப் போக இது தாராளமாகப் போதும். வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்து வந்து "விலையை மட்டும் மாத்திக் கொடுங்க தம்பி" என்றால் சமாளித்துவிடலாம். முழுதாகத் திருத்தி எழுதச் சொன்னால் முடியாது.

எஸ்விஜி, ஓவியங்களுக்கும் லோகோவுக்கும் நல்லது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பில் அடுக்குகள் ஓரளவு பிழைக்கும். கோரல்டிராவின் சிடிஆர் கோப்பாக எடுக்க வழியில்லை. சிவகாசியில் சில அச்சகங்களில் இன்னும் "சிடிஆர் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள், அவர்களுக்கு எழுத்தை வளைகோடாக்கிய பிடிஎஃப் கொடுத்துவிடுங்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், கட்டாயம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து பணம் வந்த அன்றே அந்த வேலையின் கோப்புறையில் நான்கு பொருள் இருக்கும். மூலக் கோப்பு, பிடிஎஃப், லோகோ இருந்தால் எஸ்விஜி, அப்புறம் வெறும் எழுத்து மட்டும் யூனிகோடில் ஒரு உரைக் கோப்பு. கடைசியில் சொன்னதுதான் தமிழ் வேலைக்கு முக்கியம். எழுத்தை வளைகோடாக மாற்றிவிட்டால் அது படம், அதற்குள் தேடவும் முடியாது, நகல் எடுக்கவும் முடியாது. எந்த எழுத்துரு, எந்த அளவு என்று அதே உரைக் கோப்பின் தலையில் இரண்டு வரி எழுதிவிடுவேன். இதற்கு மிஞ்சிப்போனால் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

"இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா?" என்று கேட்கலாம். சில நேரம் பார்க்கும். 2022-இல் அடோபி, ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் நிறுவனத்தை 2000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கிடுக்கிப்பிடி போட்டதில் 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். ஒப்பந்தம் முறிந்ததற்கு அடோபி 100 கோடி டாலர் ஃபிக்மாவுக்குக் கட்டியது. ஆனால் 2000 கோடி என்றால்தான் அதிகாரிகள் எட்டிப் பார்ப்பார்கள். ஆப்பிள் 2020-இல் டார்க் ஸ்கை வானிலைச் செயலியை வாங்கி, நான்கு மாதத்தில் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு அதை நிறுத்தியபோது யாரும் வழக்குப் போடவில்லை. மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக, ஏற்கெனவே காசு கொடுத்து இரண்டாம் பதிப்பு வாங்கியவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பழைய அஃபினிட்டி கணக்கில் நுழைந்து, உங்கள் இயங்குதளத்துக்கான நிறுவல் கோப்பை இறக்கி, வெளி வட்டில் போட்டு வையுங்கள். வாங்கிய ரசீது வந்த மின்னஞ்சலையும் பிடிஎஃப்பாக அதனுடன் சேர்த்துவிடுங்கள். புதுக் கணினியில் போடும்போது கணக்கை வைத்துத்தான் இயக்க வேண்டும், அதனால் அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பதை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய அலுவலக மின்னஞ்சலில் வாங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்த வீடியோவில் இதே புத்தக அட்டையை ஸ்கிரைபஸ் என்ற பக்கம் கட்டும் இலவச மென்பொருளில் முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறேன், தமிழ் எழுத்து அதில் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்து. உங்களிடம் ஃப்ரீஹேண்ட் கோப்பு ஏதாவது திறக்காமல் கிடந்தால் அனுப்புங்கள், அதையும் ஒரு கை பார்ப்போம். மின்விசிறியைப் போடுகிறேன், வணக்கம்.